புரிந்ததா என்று கேட்பவர்

கேள்வி கேட்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. பதில் தெரியாததால் கேட்கிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. பதிலைத் தம் கையில் வைத்துக்கொண்டு, அது உங்கள் வாயிலிருந்து சேதாரமில்லாமல் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதற்காகவே கேட்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் மேலான ஓர் இனத்தை உங்களுக்குக் காட்டப்போகிறேன். புரிந்ததா என்று கேட்பவர். பள்ளிக்கூடங்களில் அதிகம் மேய்வார். ஆபீசிலும், ஆஸ்பத்திரியிலும், கல்யாணப் பந்தலிலும்கூடக் கண்ணில் படுவார். அடையாளம் சுலபம். "புரிந்ததா?" என்று கேட்டுவிட்டு அவர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். தலை ஆடுகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் சாலையை ஒட்டிய ஒரு ஹைஸ்கூலில், எழுபதுகளின் பிற்பாதியில், இந்த இனத்தின் பழுதற்ற மாதிரியாக ராமபத்ரன் மாஷ் விளங்கினார். மாஷ் என்றால் அங்கே வாத்தியார்; இவர் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் வாத்தியார். பாலக்காட்டை விட்டு எப்போதோ கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், கோபத்தில் மட்டும் இங்கிலீஷ். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, புரிந்ததா என்பதை மலையாளத்தில் "மனசிலாயோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். "மனசிலாயி" என்று வகுப்பே சேர்ந்து சுவருக்குப் பதில் சொல்லும். இரண்டு தரப்புக்கும் திருப்தி.

ஒருவர் புரிந்துகொண்டார் என்பதை இன்னொருவர் எப்படி அறிவது? நெடுங்காலமாகச் சிந்தனையாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி இது. ராமபத்ரன் மாஷ் இதை ஒரு டஸ்டரால் தீர்த்துவைத்தார்.

முதலில் அவருடைய வாசிப்புப் பரீட்சையைச் சொல்லவேண்டும். ஒரு பத்தி, கீழே ஐந்து கேள்வி. கேள்வியில் இருக்கும் பெரிய சொல்லைப் பத்தியில் தேடு. அகப்பட்டதும் அடிக்கோடு போடு. அந்த வரியை முற்றுப்புள்ளி வரை அப்படியே எடுத்து எழுது. சந்தேகமாக இருந்தால் அடுத்த வரியையும் சேர்த்துக்கொள், எதுவும் கெட்டுப்போகாது. இங்கிலீஷே தேவையில்லை என்பதுதான் இந்த முறையின் சிறப்பு. கண் இருந்தால் போதும்.

கேட்டல் பரீட்சைக்குக் கண்கூடத் தேவையில்லை. மாஷ் ஒரு பத்தியைப் படிப்பார், இதற்கும் ஐந்து கேள்வி. விடை வரும் இடம் நெருங்கியதும் குரல் ஏறும், நடை தளரும், பிறகு டஸ்டர் மேஜைமேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டும். தட்டுக்குப் பின்னால் வருவது விடை. வகுப்பு முழுவதும் பேனாவைத் தூக்கிப் பிடித்துத் தட்டுக்காகக் காத்திருக்கும், தட்டியதும் குனிந்து எழுதும், மறுபடி நிமிரும். ஒவ்வொரு தட்டுக்கும் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் எழும்புவதால், காது மந்தமான பிள்ளைகளும் கேட்டல் பரீட்சையில் குறைவில்லாமல் மார்க் வாங்கினார்கள். இதை மோசடி என்று யாராவது சொல்லியிருந்தால் மாஷ் மனம் உடைந்துபோயிருப்பார். எது முக்கியம் என்று காட்டிக்கொடுப்பவன்தானே வாத்தியார்?

அவரிடம் இங்கிலீஷில் தோற்றவர்கள் கிடையாது. ஆரிஃபா வரும்வரை.

ஆரிஃபா, பஜாரில் சுக்கு வியாபாரம் செய்த அலாவுதீனின் இளைய மகள். வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம். அவளிடம் ஒரு கோளாறு இருந்தது: மாஷ் படிக்கும்போது அவள் கதையைக் கேட்டாள். தட்டு விழும் நேரத்தில் அவள் வேறெங்கோ, கதைக்குள் இருந்தாள். பக்கத்து இருக்கைக் கமலாக்ஷி முழங்கையால் இடித்துப் பார்த்தாள், பயனில்லை.

"தட்டுறப்ப எழுதேண்டீ."

"தட்டுறதுக்கே காத்துக்கிட்டிருந்தா கதை போயிருதுடீ."

"கதைக்கு மார்க் உண்டோ?"

அரையாண்டுப் பரீட்சையில் விஷயம் முற்றியது. ஒட்டகத்தைப் பற்றி ஒரு பத்தி, ரப்பர் சாகுபடியைப் பற்றி ஒரு பத்தி. ஸ்டென்சிலில் டைப் அடித்தவரின் கண் முதலாவதன் நடுவிலிருந்து இரண்டாவதன் நடுவுக்குத் தாவிவிட்டது. பாலைவனத்தில் மூன்று வரி நிம்மதியாக நடந்த ஒட்டகம், நான்காம் வரியில், விடியற்காலையில் பட்டையைச் சீவிப் பால் வடிக்கப்பட்டது. ஒட்டகத்திலிருந்து பால் எப்படி எடுக்கிறார்கள் என்பது கேள்வி. வகுப்பு மொத்தமும், ஒட்டகத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவி, கீழே சிரட்டை கட்டி, பாலை எடுத்தது. மாஷ் எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் சரி போட்டார். ஆரிஃபா மட்டும், ஒட்டகத்துக்குப் பட்டை கிடையாது, இது ரப்பர் மரம், தாளில் ஏதோ தவறு என்று எழுதியிருந்தாள். அவளுக்கு முட்டை.

"மாஷே, ஒட்டகத்தை எப்படிச் சீவுவாங்க?"

"நானா சீவச் சொன்னேன்? பாஸேஜ் சொல்றது. நீ பாஸேஜைவிட சமர்த்தோ?"

"ரப்பர் மரத்தைத்தானே மாஷே..."

"கேள்வியில ரப்பர்னு இருக்கோ?"

"இல்ல."

"அப்போ எழுதப்படாது. மனசிலாயோ?"

"மனசிலாயி."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பதில் தோற்று நின்ற பெண்ணை மறுபடி அதே வகுப்புக்கு அனுப்பும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. ஆரிஃபாவின் அக்கா லதீஃபா கணக்கில் தோற்றாள். அன்றோடு அவளுடைய புத்தகங்கள் பரணுக்குப் போயின. இதை அலாவுதீனே பஜாரில் மாஷை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"மாஷே, எம்மக இந்த வருசம் கடந்துருவாளா? மூத்தவளுக்குச் செஞ்சதைத்தான் இவளுக்கும் செய்யணும். ஒருத்திக்கு ஒரு நியாயம், இன்னொருத்திக்கு ஒரு நியாயம்னு வெச்சா வீட்ல நிம்மதி இருக்காது."

"குட்டி சமர்த்துதான். ஒரே ஒரு தோஷம். எழுதறதுக்கு முன்னாடி ஆலோசிக்கறா."

"அதை நிறுத்தச் சொல்லி நா கண்டிக்கிறேன் மாஷே" என்று அலாவுதீன் கவலையோடு சொன்னார். நல்ல தகப்பனார்.

இந்த நிலைமையில்தான் கல்வி ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆண்டுத் தேர்வின் கேட்டல் பகுதியைச் சில பள்ளிகளில் வெளியாள் ஒருவரே வந்து நடத்துவார்; அந்த மார்க் இங்கிலீஷோடு சேரும். வந்தவர் அம்மிணி டீச்சர். இளவயது, மெலிந்த குரல். எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்து இறங்கி, நேராக வகுப்புக்குள் போய், மேஜையிலிருந்த டஸ்டரை எடுத்து, தன் புத்தகத்துக்கு இடம் வேண்டி, ஜன்னலோரம் வைத்துவிட்டார். வகுப்பின் கண்கள் அந்த டஸ்டரோடு ஜன்னலுக்குப் போயின. மாஷின் கண்களும்தான்.

அம்மிணி டீச்சர் கதையைப் படித்தார். படித்தார் என்றுகூடச் சொல்லமுடியாது; பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனார். குரல் ஏறவில்லை, நடை தளரவில்லை. ஒன்பதாம் வகுப்பு, பஸ்ஸுக்குக் கைகாட்டுகிற கூட்டம்போல், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. பஸ் வரவில்லை. பின்னால் நின்ற மாஷ், 'இங்கே தட்டணும், இதோ இங்கே' என்று தம் தொடையிலேயே மெல்லத் தட்டிக்கொண்டார். அது யாருக்கும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே பஜாரில் சுமைக்காரர் ஒருவர் சுக்கு மூட்டையைத் தொப்பென்று இறக்கினார்.

வகுப்பில் பாதி குனிந்து எழுதியது.

தாள்களைத் திருத்தும்போது அம்மிணி டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாயை விற்ற மனிதன் மறுநாளே ஏன் அதைத் திரும்ப வாங்கினான் என்பது கேள்வி. பாதிப் பேர் எதுவுமே எழுதவில்லை. மீதிப் பேர், நாயின் காது தவிட்டு நிறம் என்று ஒரே குரலில் எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும் பதில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் வெங்கிடாசலத்தின் அறைக்குப் போனார். மாஷும் அங்கே இருந்தார்.

"மாஷே, இந்தக் குட்டி எழுதியிருக்கறதைப் பாருங்கோ. அந்த நாய் குலைக்கற சத்தம் அவனுக்குப் பிடிச்சிருந்தது, ஆனா அது அவனுக்கே தெரியலைங்கறா. எத்தனை அழகா எழுதியிருக்கா!"

மாஷ் தாளை வாங்கிப் பார்த்தார். ஆரிஃபா.

"இது பாஸேஜ்ல இல்லையே டீச்சரே."

"பாஸேஜ்ல இல்லை. கதையில இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"சரி, நீங்க சொல்லுங்கோ. அவன் எதுக்கு அந்த நாயைத் திரும்பி வாங்கினான்?"

மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதை முழுவதும் அவர் அந்த அறையிலேயே நின்றிருந்தார். ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாத சொல் இல்லை. ஆனாலும் நாய் வாங்கியவன் யார், விற்றவன் யார், இடையில் என்ன நடந்தது, ஒன்றும் மனசில் இல்லை. எங்கே தட்டியிருக்க வேண்டும் என்று அவரைக் கேட்டிருந்தால் ஐந்து இடத்தையும் பிசகாமல் காட்டியிருப்பார்.

"குட்டியையே கூப்பிடுங்கோ" என்றார் ஹெட்மாஸ்டர், மாஷைக் காப்பாற்றும் விதமாக.

ஆரிஃபா வந்தாள். சொல்லச் சொன்னார்கள்.

"ஒருத்தன்ட்ட ஒரு நாய் இருந்துச்சு சார். ராப்பூரா குலைக்கும். தூங்க முடியலன்னு பக்கத்து ஊர்ல போயி வித்துட்டான். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கலாம்னு படுத்தான். தூக்கமே வரல."

"அப்பறம்?" என்றார் ராமபத்ரன் மாஷ்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து அத்தனை வருஷத்தில் ஒரு மாணவியிடம் போனதில்லை. புரிந்ததா என்று கேட்கிறவருக்கு 'அப்பறம்' தேவைப்படுவதே இல்லை. அடுத்தது என்ன என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆரிஃபா மிச்சக் கதையையும் சொன்னாள். மாஷ் முன்னால் சாய்ந்து கேட்டார். நன்றாக இருந்தது.

இங்கே மாஷ் திருந்தினார் என்று முடித்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் அம்மிணி டீச்சர் அடுத்த பள்ளிக்குப் படகு பிடிக்கப் போனதும் ஹெட்மாஸ்டர் கதவைச் சாத்தினார்.

"ஓய் ராமபத்ரன், கதையெல்லாம் இருக்கட்டும். இந்த மார்க்கைச் சேர்த்தா ஒருத்தி ஜெயிப்பா, ஒரு கிளாஸ் தோக்கும். நம்ம ஸ்கூல் பேர் என்னாறது?"

"குட்டிகள் மேல தப்பில்லை சார். படிச்ச விதம் சரியில்லை. எது முக்கியம்னே தெரியலையே."

"அதான் நானும் பறயறேன். பஜார்ல மூட்டை இறக்கின சத்தத்துல ஒண்ணும் கேக்கலைன்னு ஆபீசுக்கு எழுதிடறேன். அடுத்த வாரம் நீரே படியும்."

"அந்த ஆரிஃபா நன்னா எழுதினாளே சார்..."

"நன்னா எழுதற குட்டி மறுபடியும் நன்னா எழுதட்டுமே. அவளுக்கென்ன நஷ்டம்?"

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பார்த்தீர்களா! மாஷுக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்த வாரத்துக்குள் அலாவுதீன் வீட்டில் பரணை ஒழித்து இன்னொரு புத்தகக் கட்டுக்கு இடம் பண்ணியிருந்தார்கள். லதீஃபாதான் தங்கையை உட்கார்த்திவைத்துப் பேசினாள். "கதை கேக்குறதுக்கு ஆயுசு கெடக்குடீ. அவரு தட்டறதை எழுது. நா கணக்குல வழி தெரியாமத் தோத்தேன். நீ வழி தெரிஞ்சும் தோக்காதே."

ராமபத்ரன் மாஷ் படித்தார். டஸ்டர் எழுந்தது, விழுந்தது, தூள் பறந்தது, வகுப்பு குனிந்தது. எல்லோரோடும் ஆரிஃபாவும் குனிந்தாள். முதல் தட்டுக்குச் சற்றுத் தாமதித்தாள். இரண்டாவதற்குச் சரியாகக் குனிந்தாள். ஐந்தாவது தட்டுக்கு, டஸ்டர் மேஜையில் படுவதற்கு முன்பே அவள் பேனா தாளில் இருந்தது. முழு மார்க். ஒரு சொல்கூடச் சொந்தச் சொல் இல்லை.

மாஷுக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்துவிட்டது. ஒரே வாரத்தில் எத்தனை முன்னேற்றம்! தாளைக் கையில் கொடுத்து, வழக்கத்துக்கு மாறாக அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"இப்போ மனசிலாயோ?"

"மனசிலாயி மாஷே."

அவள் பத்தாம் வகுப்புக்குப் போனாள். அலாவுதீன் பள்ளிக்கு ஒரு பொட்டலம் அல்வா அனுப்பினார். தாள் வாங்கிய அன்று படி இறங்கும்போது கமலாக்ஷி கேட்டாள்: "பரீட்சையில மாஷ் படிச்சது என்ன கதைடீ?"

"தெரியலடீ" என்றாள் ஆரிஃபா. "கேக்கல."

நீங்கள் மாஷைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், டஸ்டர் உங்களிடம் இல்லைதான். ஆனால் அன்றொரு நாள் உங்கள் மகளை உட்காரவைத்து, வாழ்க்கையைப் பற்றியோ வரவு செலவைப் பற்றியோ ஏதோ விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். அவள் தனக்குப் பட்டதைத் தன் சொல்லில் சொல்ல ஆரம்பித்தாள். "அதில்லை, நான் என்ன சொன்னேன்?" என்று இடைமறித்தீர்கள். அவள் ஒரு கணம் உங்களைப் பார்த்தாள். பிறகு நீங்கள் சொன்னதையே, நீங்கள் சொன்ன மாதிரியே, ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். கெட்டிக்காரி என்று மனம் குளிர்ந்து எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகு அவள் உங்களிடம் சொந்தமாக எதையும் சொன்னதாக ஞாபகம் இருக்கிறதா?