கேட்டைக் கழற்றி ஓரமாக வைத்தவர்

உலகத்திலேயே ஜும்மா தொழுகைக்கு கிரேனில் போன ஒரே மனிதர் எங்கள் ஹைட்ரா பாயாகத்தான் இருக்க வேண்டும். ஹைட்ரா என்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு தூக்கும் மஞ்சள் வண்டி. முன்னால் நீளமாக ஒரு கை, நுனியில் ஆடிக்கொண்டே வரும் கொக்கி. கொஞ்சம் வேகமாக நடக்கிறவர்கள் அதை முந்திவிடலாம். பாயின் சொந்தப் பெயரை அவர் சம்சாரத்திடம்தான் கேட்க வேண்டும்.

நான் அங்கே ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். பாய் எங்களுக்கு லோடு ஏற்ற வருவார். அப்போதெல்லாம் அவருக்கும் பள்ளிவாசலுக்கும் வருஷத்துக்கு இரண்டு பெருநாள்தான் பழக்கம். மற்ற நாட்களில் இமாம் எதிரே வந்தால் டீக்கடைக்குப் பின்பக்கமாக நழுவிவிடுவார்.

எல்லாம் காஸா செய்தி வரும்வரைதான். ஒருநாள் கேண்டீனில் டீயை ஆறவிட்டு, பாய் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இடிந்த வீட்டின் கான்கிரீட்டை ஒரு தகப்பன் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா அநியாயம் சார் இது! கையால நோண்டிக்கினு கீறான். மிசின் இல்லியா அந்த ஊர்ல?"

"மிசினெல்லாம் எல்லையில கேட்டுக்கு வெளிய நிக்குதாம் பாய். உள்ள விட மாட்டேங்கறாங்களாம்," என்றேன்.

அவ்வளவுதான். "நிக்குதா? அங்க மனுசன் மாட்டிக்கினு கீறான், மிசின் நிக்குதா?" என்று, நானே போய் அந்தக் கேட்டைப் பூட்டியதுபோல என்னைப் பார்த்துக் கத்தினார். அன்று வெள்ளிக்கிழமை. ஹைட்ராவை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிவாசலுக்குப் போனார். கொக்கி ஆடி வருவதைப் பார்த்து ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் சிதறின.

தொழுகை முடிந்ததும் இமாமையே மடக்கினாராம். "ஹஜ்ரத், அல்லாகிட்ட துஆ கேட்டாச்சு. அப்பால இன்னா? செத்தவன தூக்கினு போவ நம்மகிட்ட சந்தூக்குப் பொட்டி கீது. உசுரோட மாட்டிக்கினவன தூக்க இன்னா கீது?"

இமாம் நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளாமல் யோசித்தார். சீக்கிரமே சந்தூக்குக்குப் பக்கத்தில் கடப்பாரை, ஜாக்கி, கயிறு, ஸ்ட்ரெச்சர் எல்லாம் வந்து சேர்ந்தன. தொழ வந்த வெல்டர்களும் டிரைவர்களும் பாயின் படையில் சேர்ந்தார்கள். பாய் ஐந்து வேளையும் தொழ ஆரம்பித்தார். நடுவில் கிடைத்த நேரத்தில் உலகத்தைத் திட்டினார்.

அதற்கப்புறம் எது எங்கே மாட்டினாலும் பாய் ஆஜர். கவரைப்பேட்டை பக்கம் கால்வாயில் விழுந்த எருமையைத் தூக்கினார். எருமை முதலில் சம்மதிக்கவில்லை. சேற்றில் புதைந்த அம்மன் தேரைத் தூக்கிவிட்டு, ரோடு போட்ட காண்ட்ராக்டரின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். பூசாரி சந்தோஷத்தில் கொக்கிக்கு மாலை போட்டுவிட, அந்த மாலையோடுதான் ஹைட்ரா சாயங்கால அஸர் தொழுகைக்குப் போய் நின்றது. பள்ளத்தில் இறங்கிய ஷேர் ஆட்டோவை ஆட்களோடு தூக்கியதுதான் கொஞ்சம் அதிகம்.

"நாங்க எறங்கறதுக்குள்ள இன்னா பாய் அவசரம்?" என்று அந்தரத்திலிருந்து ஒரு அம்மா அலறினார்.

"ஆடாத குந்தும்மா, பேஜாரு பண்ணாத!" என்று கீழேயிருந்து அதட்டினார் பாய்.

மழைக்காலத்தில் பக்கத்துக் கம்பெனியின் காம்பவுண்டு சுவர், மேலே உத்தரம்போல ஓடிய கான்கிரீட் பெல்ட்டோடு சரிந்தது. சுவரை ஒட்டிய தகர ஷெட்டில்தான் ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளிகளைத் தங்க வைத்திருந்தார்கள். மற்றவர்கள் தப்பி ஓட, பிரமோத் என்பவர் மட்டும் கால் நசுங்க அடியில் மாட்டிக்கொண்டார். நான் ஓடிப்போய் கேட் கம்பி வழியாகப் பார்த்தேன். அவருடைய கூட்டாளிகள் வெறுங்கையால் செங்கல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாய் தன் படையோடு வந்துவிட்டார். கேட் பூட்டியிருந்தது.

"கேட் பாஸ் கீதா?" என்றார் செக்யூரிட்டி.

அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு சேஃப்டி ஆபீசர். "வண்டி இன்ஷூரன்ஸ் காப்பி வேணும். மேனேஜர் அப்ரூவல் மெயிலும் வரணும். அதுவரைக்கும் வெயிட் பண்ணுங்க."

சேஃப்டி ஆபீசராம்! உள்ளே ஒரு மனிதன் அலறுவது எங்கள் எல்லார் காதிலும் விழுகிறது, இந்த ஆள் மெயிலுக்குக் காத்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எப்போதும் வாய் ஓயாத பாய் அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டை மேலும் கீழும் பார்த்தார். "பிஸ்மில்லா" என்றார். வெல்டர் ஒருவர் ஏறிக் கொக்கியை மாட்ட, அந்தப் பெரிய இரும்புக் கேட்டைப் பூப்போலத் தூக்கி ரோட்டோரமாகச் சாய்த்து வைத்தார். கையில் சாவிக்கொத்தோடு, "யோவ்! யோவ்!" என்று கேட்டின் பின்னாலேயே ஓடினார் செக்யூரிட்டி.

உள்ளே போய் ஹைட்ரா அந்தக் கான்கிரீட் பெல்ட்டைத் தூக்கியதும் மற்றவர்கள் பிரமோத்தை இழுத்து எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகும் அவர் பாயின் சட்டையை விடவில்லை.

"ஒண்ணியும் ஆவாது நைனா. வந்துட்டோம்ல," என்றார் பாய். தமிழ் தெரியாத பிரமோத் புரிந்ததுபோலத் தலையாட்டினார். ஆளும் பிழைத்தார், காலும் பிழைத்தது.

வெளியே வந்த பாய் கேட்டைத் தூக்கிப் பழைய இடத்தில் உட்காரவைத்தார். "இந்தா சார் உன் கேட்டு. பத்திரமா பாத்துக்க," என்று சேஃப்டி ஆபீசரிடம் ஒப்படைத்தார்.

கம்பெனி நன்றி சொல்லியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? கேட்டைச் சேதப்படுத்தியதாகப் புகார் கொடுத்தார்கள்! மனிதர்கள் தங்கும் ஷெட்டின் மேல் சுவர் சரிந்ததற்கு யார் மேலும் புகார் இல்லை; கேட்டில் பெயிண்ட் உரிந்ததற்கு உண்டு. இந்த ஹைட்ராவை உள்ளே விடாதீர்கள் என்று எல்லாக் கம்பெனிக்கும் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் மேனேஜர் உட்பட எல்லாரும் வெட்கமில்லாமல் தலையாட்டினார்கள். பாய்க்கு இங்கே பிழைப்பே போயிற்று.

"பெயிண்ட்டு போச்சாமே சார்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அவர். பிறகு ஆந்திரா எல்லையைத் தாண்டி வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் ஜும்மாவுக்கு ஹைட்ராவோடு நம்ம பள்ளிவாசலுக்குத்தான் வருகிறார். வியாழக்கிழமையே கிளம்பிவிடுவார் என்று நினைக்கிறேன்.

இப்போதும் டிவியில் அந்தக் காஸா எல்லை கேட்டையும், அதன் வெளியே வரிசையாக நிற்கும் வண்டிகளையும் காட்டினால் நான் சேனலை மாற்றுவதில்லை. வரிசையின் கடைசியில் ஒரு மஞ்சள் வண்டி, கொக்கியை ஆட்டிக்கொண்டு மெதுவாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.