அரிசி கார்டும் ஜைத்தூன் அக்கா வீட்டு சோபாவும்

காலை பத்து ஐம்பதுக்கு எங்கள் வீட்டுக்குள் ஒரு சோபா நுழைந்தது. நான் அதை வாங்கவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு குடவாசல் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே பார்த்துவிட்டேன். மூன்று பேர் உட்காரக்கூடிய மெரூன் சோபா, இரண்டு ஆட்களின் தோளில் ஏறி, எங்கள் வாசலில் பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

இன்றைக்கும் காலிங் பெல் அடித்தால் நான் முதலில் வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிகளைத்தான் பார்ப்பேன், எல்லாம் நம்முடையதுதானா என்று. ("மொதல்ல கதவத் தொறம்மா" என்பாள் மகள்.)

அன்று பதினொரு மணிக்கு வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து ஒருவர் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. எங்களிடம் இருந்தது சர்க்கரை கார்டு. அதற்கு அரிசி கிடையாது, சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதல். பத்து மா (மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்) குத்தகை நிலத்தில் இரண்டு போகம் விளைந்த காலத்தில் என் கணவர் வாங்கி வைத்தது. "நெல்லு போடுறவன் ரேஷன் கடையில அரிசிக்கு நிக்கிறதா?" என்றார் அப்போது. பிறகு நிலத்துக்காரர் குத்தகை முடிந்தது என்றார், இவர் முடியவில்லை என்றார், இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. நெல் குதிர் காலி. வீட்டில் சர்க்கரைக்கு மட்டும் பஞ்சமில்லை.

என் பயமெல்லாம் மகள் ஆனந்தியைப் பற்றியது. பத்தாவது வரை பள்ளியில் மதியம் சத்துணவு போட்டார்கள். பதினொன்றாம் வகுப்புக்குக் கிடையாது. காலையில் கண் விழிக்கும்போதே அவளுடைய டிபன் டப்பாதான் எனக்கு முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் அரிசி கார்டாக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்திருந்தோம்.

நான் பி.ஏ. படித்தவள். ஆனால் எந்த அளவுக்கு ஏழையாகத் தெரிய வேண்டும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. நல்ல புடவை கட்டினால் கார்டு போய்விடும், பழையதைக் கட்டினால் நடிக்கிறாள் என்பார்கள். காலையிலிருந்து மூன்று முறை மாற்றினேன். (எல்லாமே பழசுதான் என்பது மூன்றாவது முறைதான் உறைத்தது.)

பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவிடம் ஆபீசர் வருகிறார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அரிசிக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் மகன் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். அந்த வீட்டில் இல்லாத பொருள் இல்லை. சோபாவின் பின்னாலேயே நான் உள்ளே போனபோது அந்தப் பொருளெல்லாம் எங்கள் கூடத்தில் இருந்தது. தரையில் பூப்போட்ட கம்பளம், மூலையில் ரிமோட்டில் ஓடும் ஃபேன், தட்டில் கண்ணாடி டம்ளர்கள், அவற்றில் ஐஸ் மிதக்கும் சர்பத்.

"என்னக்கா இது!"

"பெரிய ஆபீசர் வர்றாங்க. பாயிலயா உக்கார வைப்பே? மானம் போயிடும் புள்ள."

கணவரைப் பார்த்தேன். "பாசமா கொண்டாந்தாங்க, எப்படி வேணாம்ங்கறது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அக்கா ஒரு டம்ளரை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லை வழியாகப் போய்விட்டார்.

அதிகாரி ஒல்லியான மனிதர். உட்கார்ந்ததும் சோபா அவரைப் பாதி விழுங்கிவிட்டது. ஃபேன் அவர் பக்கம் திரும்பி முடியைக் கலைத்தது.

"வருமானம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்" என்று சர்பத்தை நீட்டினேன்.

"இந்த சோபா?"

"பக்கத்து வீட்டுது சார்."

"ஃபேன்?"

"அதுவும் அவங்களுது."

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. உங்க பொருள்னு இங்க என்னதான் இருக்கு?"

சுற்றிலும் தேடினேன். சுவரோரம் ஆனந்திக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் நின்றது. அதைக் காட்டினேன்.

"அது நாங்க கொடுத்தது" என்றார்.

என் கணவர் உதவிக்கு வந்தார். "சார், நாலு ஊருக்கு அரிசி போட்ட குடும்பம் சார் இது."

"அப்புறம் எங்ககிட்ட எதுக்கு கேக்கறீங்க?"

பேனாவை மூடினார். ஆனந்தியின் டிபன் டப்பாவையே மூடிய மாதிரி இருந்தது எனக்கு.

அப்போதுதான் கொல்லைக் கதவு திறந்து ஜைத்தூன் அக்கா ஓடி வந்தார், பின்னால் அதே இரண்டு ஆட்கள். "சார், கோச்சுக்காதீங்க, சித்த எந்திரிங்க. எம் மவனுக்குப் பொண்ணு குடுக்கிறவங்க சாயங்காலம் வர்றோம்னாங்க, இப்பவே வந்து நிக்கிறாங்க. அங்க உக்கார எடமில்ல!"

அதிகாரி எழுந்தார். சோபா போயிற்று. ஒரு காலைத் தூக்கினார், பிறகு மறு காலை, கம்பளமும் போயிற்று. ஃபேன் போனதும் வியர்த்தது.

"சர்பத்த குடிச்சிடுங்க சார். டம்ளர் செட்டுல ஒண்ணு கொறையுது."

ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கொடுத்தார்.

வீடு மறுபடி எங்கள் வீடாகிவிட்டது. பாயை விரித்தேன். அவர் உட்காரவில்லை. உள்ளே போய் நெல் குதிரின் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். அது சொல்ல வேண்டியதைச் சொல்லியது. திரும்பி வந்து, "கேஸ் எந்தக் கோர்ட்டுல நடக்குது?" என்று கணவரிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார். புறப்படும்போது அக்கா வீட்டு கேட்டில் சோபா மாட்டிக்கொண்டு நின்றது. மனிதர் ஃபைலை வண்டியில் வைத்துவிட்டுப் போய் ஒரு முனையைப் பிடித்தார்.

"அரிசிக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அக்கா சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டார். "உன் பாயையும் சேத்துல்ல எடுத்துட்டுப் போயிருப்பேன்!"

கார்டு வந்தது. முதல் மாத அரிசியை வடித்தேன். ரேஷன் அரிசி வாடையை யாராவது குறை சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். ஆனந்தியின் டப்பாவை அன்று அழுத்தித்தான் மூட வேண்டியிருந்தது. என் கணவர் இரண்டாம் முறை சோறு கேட்டபோது, "நம்ம பக்கத்து நெல்லுதான். கொள்முதலுக்குப் போட்டது சுத்தி வந்திருக்கு" என்றார்.

போன மாதம் ஆனந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் யாரோ காலிங் பெல்லை அடித்தார்கள். ஜைத்தூன் அக்கா. தலை முழுக்க நரைத்துவிட்டது. பின்னால் இரண்டு பேர், தோளில் அதே சோபா, புது உறை போட்டு. வாசலைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"வர்றவங்ககிட்ட நீ இருக்கப்பட்டவளா, இல்லாதவளா? அத மொதல்ல சொல்லு. அப்புறம் எறக்கச் சொல்றேன்."