தூண் இல்லாத ரிங்க்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாநில அளவிலான ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் நான் கலந்துகொண்டபோது எனக்குச் சுழலத் தெரியும், தாவத் தெரியும், ஒற்றைக்காலில் போகத் தெரியும். நிற்க மட்டும் தெரியாது.

ஐஸ் எல்லாம் இல்லை. (காஞ்சிபுரம் வெயிலில் ஐஸ், ஜூஸ் கடையைத் தாண்டி வெளியே வராது.) காலில் நாலு சக்கர ஷூ மாட்டிக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ப ஆடுவது. மாவட்டத் தேர்வில் முதலிடம் எனக்குத்தான். போட்டியிட்டது நான் ஒருத்திதான் என்பதை அந்தச் சான்றிதழில் எங்கும் எழுதவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை.

பயிற்சி, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில். கற்றுக்கொடுத்தது அப்பாவின் செல்போனில் ஓடிய வீடியோக்கள். மண்டப மேனேஜருக்கு ஒரே ஒரு கவலை. ஷூவின் முனையில் பிரேக் பிடிக்க ஒரு ரப்பர் இருக்கும். அது அவருடைய கிரானைட் தரையில் கறுப்புக் கோடு போட்டது.

“அந்த ரப்பர கழட்டிட்டு ஆடுமா. இல்லன்னா வேற மண்டபம் பாத்துக்கோ.”

கழற்றினேன். அதன்பிறகு நிற்க வேண்டுமென்றால் எதிர்ப்படும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். மண்டபத்தில் பன்னிரண்டு தூண்கள். ஒரு நாளும் பற்றாக்குறை வந்ததில்லை.

அம்மாவின் நிபந்தனை வேறு. “ஒரே ஒரு போட்டி. அதோட இத்த மூட்ட கட்டிட்டு டென்த்துக்குப் படிக்கிற.” அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்காமல் “சரிம்மா” என்றார். அதை அவர் யாருக்குச் சொன்னார் என்று எங்கள் இருவருக்குமே புரியவில்லை.

உடை அப்பாவின் யோசனை. அரக்குப் பட்டில் சரிகை பார்டர் வைத்துத் தைக்கச் சொன்னார். “காஞ்சிபுரத்துலருந்து போறோம், தெரிய வேணாமா?” நன்றாகவே தெரிந்தது. சென்னையில் போட்டி நடந்த இடத்தில் மற்ற பெண்கள் எல்லாம் உடம்போடு ஒட்டிய, இழுத்தால் நீளும் துணியில் மீன்குஞ்சுகள் மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் யாருடைய நிச்சயதார்த்தத்திலிருந்தோ தப்பி வந்தவள் மாதிரி இருந்தேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனபிறகுதான் கவனித்தேன். அவ்வளவு பெரிய ரிங்கில் ஒரு தூண்கூட இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சுழற்சி மூன்று சுற்று, சுத்தம். அடுத்து ஒரு காலைப் பின்னால் உயர்த்திப் பறவை மாதிரி போக வேண்டும். உயர்த்தினேன். பட்டுக்கு நீளத் தெரியாது. ‘டர்ர்ர்’ என்று இடுப்பிலிருந்து முட்டிவரை பிரிந்தது. உள்ளே போட்டிருந்த பள்ளிக்கூட நீல டிராக் பேன்ட் ஊருக்கே தரிசனம் கொடுத்தது. கேலரியில் சிரிப்பு.

அழுதிருக்கலாம். எனக்கோ கோபம் வந்தது. சிரிக்கிறீர்களா, இருங்கள் என்று, என் ஆட்டத்திலேயே இல்லாத ஒரு தாவலுக்கு வேகம் எடுத்தேன். தாவினேன். காற்றில் ஒரு முழுச் சுற்று. சரியாக ஒற்றைக்காலில் இறங்கினேன். வாழ்க்கையில் அதற்குமுன் அது எனக்கு வந்ததே இல்லை.

சிரிப்பு நின்றது. நான் நிற்கவில்லை.

நேரே, ரிங்கின் ஓரத்தில் போட்டிருந்த நடுவர்கள் மேசை. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன, மதிப்பெண் தாள்கள் பறந்தன, இரண்டு நடுவர்கள் நாற்காலியோடு பின்வாங்கினார்கள். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட மேடம் மட்டும் அசையாமல் என் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினார்.

“ஏம்மா, நிக்கத் தெரியாதா உனக்கு?”

“தெரியாது மேடம். எங்க ஊர்ல தூணு இருக்குது.”

பின்னால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் அரை நிமிடம் பாக்கி. அம்மா கொடுத்த ஒரே ஒரு போட்டியில் அரை நிமிடத்தை எதற்கு விட வேண்டும்?

“மேடம், பாட்டு இன்னும் முடியல. கொஞ்சம் தள்ளி விடறீங்களா?”

மேடம் என் கைகளை விட்டார். பிறகு என் தோளைத் திருப்பி, முதுகில் கைவைத்து, ஓங்கி ஒரு தள்ளு. கிழிந்த பட்டு கொடி மாதிரி பறக்க, மிச்சத்தையும் ஆடி முடித்தேன். (இந்த முறை நின்றது எதிர்ப்பக்கத்துத் தடுப்புக் கம்பியில்.)

கடைசி இடம். திரும்பும் பஸ்ஸில் அம்மா ஆரம்பித்தாள். “ஒரு போட்டி முடிஞ்சுதா? இனிமே புத்தகத்த எடு.”

“முடியல. நடுவுல மேச வந்துடுச்சு. அது அரப் போட்டிதான்.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். அம்மா செங்கல்பட்டு வரும்வரை கிழிந்த பட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். வந்ததும், “அப்போ இன்னும் அரதான்” என்றாள். அந்த அரையை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் போட்டி போட்டேன். டென்த்தும் பாஸ்.

வீட்டில் அந்த வசனம் நிலைத்துவிட்டது. கேஸ் சிலிண்டரை நகர்த்தவும், இறுகிக்கொண்ட கதவைத் திறக்கவும் “மேடம், கொஞ்சம் தள்ளி விடறீங்களா” தான். போன மாதம் அம்மா ஐம்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளப் போய், ஏனாத்தூர் ரோட்டில் ஓர் இளநீர் வண்டியில் மோதினாள். நான் பதறி ஓடினேன். உருண்ட இளநீர்களுக்கு நடுவில் ஹேண்டில்பாரை விடாமல் உட்கார்ந்திருந்தவள், இளநீர்க்காரரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

“கொஞ்சம் தள்ளி வுடுப்பா. நான் இன்னும் யூ டர்ன் போட்டுப் பழகல.”