பேபி ஆஸ்டினும் ஒன்பது பூசணிக்காயும்

ஈஸ்டர் பூசைக்குக் காரில்தான் போவது என்று பெரியநாயகம் முடிவு செய்தார். அவர் வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. அவரே எண்ணியது. மழைக்காலத்தில் குட்டையைச் சுற்ற வேண்டும், பதினாலு எட்டு கூடும்.

முடிவு செய்தது 1966-இல். அடுத்த ஈஸ்டர் நடந்தே போயிற்று. இது 1968-இல், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் நடந்த கதை.

பெரியநாயகம் பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் சரக்கு மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவர். ஐந்தாவது வரைக்கும் படிப்பு. பேசத்தான் கூச்சம், எண்ணுவதற்குக் கூச்சமே கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எத்தனை வடை சாப்பிட்டார் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். யாரும் கேட்பதில்லை.

கார் ஒரு பேபி ஆஸ்டின். சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் அதில் கோழி அடைந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கினார். பொம்மிடி வரைக்கும் லாரியில் வந்தது. அங்கிருந்து ஊருக்கு மூன்று மைல், இரண்டு ஜோடி மாட்டுக்குப் பின்னால் வந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது. மனைவி ராயம்மாள் மட்டும் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினாள்.

காரை நிறுத்த வீட்டில் ஒரே இடம்தான், மாட்டுக் கொட்டகை. தென்னங்கீற்று போட்டது. அதிலிருந்த செவலை மாடு வெளியே வந்தது, கார் உள்ளே போனது. அன்றிலிருந்து பெரியநாயகம் அதைக் கராஜ் என்றார்.

"ஏங்க, செவலை எங்க நிக்கும்?"

"புளியமரத்தடியில நிக்கட்டும்."

"மழை வந்தா?"

"நனையும்."

"உங்க காரு நனைஞ்சா?"

"துரு புடிக்கும்."

"மாட்டுக்குத் துரு புடிக்காது. பாலுதான் நின்னுபோவும். கோயில் சாமியாரு காப்பிக்குப் பால் கேட்டா, கார்லேருந்து கறந்து குடுங்க."

பெரியநாயகம் சக்கரத்தின் கம்பிகளை எண்ணப் போய்விட்டார்.

ரிப்பேர் செய்ய முனியப்பன் வந்தான். கிணற்று ஆயில் என்ஜின் மெக்கானிக். அந்த வட்டாரத்தில் அவன் கைபடாத பம்பு கிடையாது. கார் அவனுக்குப் புதிது. "அதுக்கென்னங்க, என்ஜின் என்ஜின்தானே" என்று சொல்லிக் கழற்றினான். இருநூற்றுப் பதினேழு சாமான் வந்தது. பெரியநாயகம் நோட்டில் எழுதிக்கொண்டார். திரும்பப் பூட்டியபோது இருநூற்று ஒன்பது உள்ளே போயிற்று. எட்டு மிச்சம். "அதெல்லாம் கம்பெனிக்காரன் சேத்தி வச்சதுங்க, வேண்டியதில்லே" என்றான் முனியப்பன். மிச்சம் எட்டும் எதற்கு என்று தெரிய ஒன்றேகால் வருஷம் ஆயிற்று.

இதற்கு நடுவில் பெரியநாயகம் தருமபுரிக்குப் போய் ராயம்மாளின் சித்தப்பா மகன் சவுரியப்பனைப் பார்த்தார். அவன் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஓடாத காரை ஓடுகிற கார் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்றான். கொட்டகைக்கும் அதிலிருக்கும் காருக்கும் தீ இன்சூரன்ஸ் போடலாம் என்று வீட்டுக்கே வந்து எழுதினான்.

"எடம் யார் பேர்ல மாமா?"

"உங்கக்கா பேர்லதான். மாமனார் எழுதி வச்சது."

"அப்போ கொட்டகைக்கு எண்ணூறு, அக்கா பேர்ல. காருக்கு ரெண்டாயிரம், உங்க பேர்ல. கொட்டகைன்னு போடட்டுமா?"

"கராஜ்னு போடு."

சவுரியப்பன் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னான். மொத்தம் பதினொன்று என்று பெரியநாயகம் எண்ணி வைத்துக்கொண்டார். ராயம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் எண்ணவில்லை. காதில் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு விஷயம் பெரியநாயகத்தைக் குழப்பியது. மாதம் ஒருமுறை பென்ஷன் வாங்கப் பொம்மிடி போய்த் திரும்பினால், காரின் கால்படியில் சாணி கிடக்கும்.

"இது எப்புடி வந்துச்சு?"

"மேலத்தெரு எருமை ஏதாச்சும் வந்திருக்கும்."

"படல் சாத்தியிருக்குதே?"

"சாத்திட்டுப் போயிருக்கும்."

மேலத்தெருவில் எருமை நாலு. எந்த எருமை என்றுதான் அவர் யோசித்தார்.

தவக்காலம் பிறந்தது. முனியப்பன் எல்லாம் தயார் என்றான். கைப்பிடி போட்டுச் சுற்றினால் கிளம்பிவிடும். ஆனால் சுற்ற மாட்டேன் என்றான்.

"பூசை போடாம கைப்பிடி தொட மாட்டேனுங்க. கம்பைநல்லூர்ல ஒரு என்ஜினுக்கு ஒருக்கா தொட்டேன். பாருங்க இந்தக் கட்டைவிரலை."

கட்டைவிரல் கோணலாகத்தான் இருந்தது.

"நாங்க வேதக்காரங்கப்பா. சாமியாரைக் கூட்டியாந்து மந்திரிச்சுக்கலாம்."

"உங்க சாமியாரு மந்திரிக்கட்டுங்க. அப்போ அவரே சுத்தட்டும். நான் சுத்தணும்னா சூடம் கொளுத்தணும், பூசணிக்கா ஒடைக்கணும், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கணும். கால்மணி நேரம். யாருக்குத் தெரியப்போவுது?"

பெரியநாயகம் மூன்று நாள் யோசித்து நேரத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை, ஒவ்வொரு ஸ்தலமாக நின்று பாடி மண்டியிடும் ஜெபம். ஊர் முழுவதும் கோயிலில் இருக்கும். பதினாலு ஸ்தலம், ஸ்தலத்துக்கு மூன்று நிமிஷம், மொத்தம் நாற்பத்திரண்டு நிமிஷம். தாராளமாக இருந்தது.

"முழங்கால் வலிக்குது. மண்டி போட முடியாது. நீ மட்டும் போயிட்டு வா."

ராயம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எந்தக் காலு?"

"எடது."

"சரி" என்று போய்விட்டாள்.

முனியப்பன் வந்தான். சூடமும் குங்குமமும் கொண்டுவந்திருந்தான். பூசணிக்காய் கொண்டுவர மறந்துவிட்டான். சமையல்கட்டு ஓட்டின் மேல் ராயம்மாள் போட்ட கொடி இருந்தது. பெரியநாயகம் ஏணி வைத்து ஒரு காயைப் பறித்தார். எலுமிச்சம்பழம் மூன்றுதான் இருந்தது. சக்கரம் நாலு. அதைச் சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டார்.

தகரத் தட்டில் சூடம் ஏற்றிக் காருக்கு மூன்று சுற்றுக் காட்டினான் முனியப்பன். தட்டைக் காரின் மூக்குக்குக் கீழே வைத்தான். பக்கத்தில் பெட்ரோல் துணி கிடந்தது. பூசணிக்காயில் குங்குமம் தடவி, வெளியே எடுத்துப் போய்ச் சந்தில் போட்டு உடைத்தான். பெரியநாயகம் கோயில் பக்கம் பார்த்து ஸ்தலங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழாம் ஸ்தலப் பாட்டு முடிந்தது. எட்டாம் ஸ்தலத்தில் முதுகு சுட்டது.

திரும்பினார். கீற்று பிடித்துக்கொண்டிருந்தது.

பத்தாம் ஸ்தலத்தில் சிலுவைப்பாதை நின்றது. கோயில் மணி அடித்தார்கள். ஊரே குடத்தோடு ஓடி வந்தது. எழுபத்தொரு குடம் தண்ணீர். அதில் நாலு குடம் சாமியாரே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊற்றியது. முனியப்பன் வேலி தாண்டியிருந்தான். செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு சந்தில் நின்றிருந்தது, எதையோ மென்றுகொண்டிருந்தது.

கொட்டகை தரையோடு போயிற்று. காரில் இரும்பு மிச்சம். ஸீட்டு இல்லை, டயர் இல்லை, மேல்துணி இல்லை. மறுநாள் முனியப்பன் வந்து பார்த்துவிட்டு, "நாலாவது எலுமிச்சம்பழம் வைக்கலை பாருங்க, அதான்" என்று சொல்லிப் போனான்.

பெரியநாயகம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். சேலத்தில் இன்னொரு கார் இருந்தது. ஓடுகிற கார். விலை ஆயிரத்துத் தொள்ளாயிரம். இன்சூரன்ஸ் இரண்டாயிரம். நூறு ரூபாய் மிஞ்சும், பெட்ரோலுக்கு ஆகும். நெருப்பு எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவுரியப்பன் வந்திருந்தான். ராயம்மாள் அவனுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சமையல்கட்டில் அக்காளும் தம்பியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்ப விஷயம் என்று பெரியநாயகம் அந்தப் பக்கம் போகவில்லை.

கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வந்தார். சாம்பலைக் கிளறிப் பார்த்தார். வாக்குமூலத்தை ஊரில் ஒரு பெரிய மனிதர் முன்னால் எழுத வேண்டும் என்றார். ஊரில் நாற்காலியும் இங்கிலீஷும் சேர்ந்து இருந்த இடம் ஒன்றுதான். எல்லாரும் கோயிலை ஒட்டிய சாமியார் வீட்டு முன்னறைக்குப் போனார்கள்.

பெரியநாயகத்துக்கு வலது பக்கம் இன்ஸ்பெக்டர், இடது பக்கம் சாமியார். ராயம்மாள் கதவோரம் நின்றாள்.

"தீ எப்படிங்க புடிச்சுது?"

"தெரியலைங்க."

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"வூட்லதானுங்க. முழங்கால் வலி." வலது முழங்காலைத் தடவினார்.

"அன்னைக்கு எடது காலுன்னு ராயம்மா சொன்னாளே" என்றார் சாமியார்.

பெரியநாயகம் கையை இடது காலுக்கு மாற்றினார்.

இன்ஸ்பெக்டர் பைக்குள் கைவிட்டுத் தகரத் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது காருக்கு முன்னாடி கெடந்துச்சு. நடுவுல பாருங்க, கரி வட்டமா இருக்குது. யாரோ எதையோ வச்சுக் கொளுத்தின மாதிரி இல்லே? எங்க வூட்லயும் வெள்ளிக்கிழமையானா இப்படி ஒரு தட்டு உண்டுங்க."

சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தார். அப்புறம் பெரியநாயகத்தைப் பார்த்தார்.

பெரியநாயகம் மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் தெரிந்தே நெருப்பு வைத்தது ஆகும், பணம் இல்லை. அதோடு தவக்கால வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை நேரம், சூடம், பூசணிக்காய். வர்ற ஞாயிறு பிரசங்கம் முழுவதும் அவரைப் பற்றித்தான் இருக்கும். கோயிலில் நானூறு பேர். சொல்லாவிட்டால் தட்டு இருக்கிறது.

"அது மூட்டத் தட்டுங்க" என்றாள் ராயம்மாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"மாட்டுக்குக் கொசு கடிக்குமில்லீங்களா. வேப்பந்தழை போட்டு மூட்டம் வச்சுட்டுத்தான் நான் கோயிலுக்குப் போவேன். இவருகிட்டச் சொல்லலை. தப்பு என்னுதுதான் சாமி."

பெரியநாயகத்துக்குக் கண் கலங்கியது. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு மனைவி தனக்கு இருக்கிறாள் என்பது இன்றுதான் தெரிந்தது.

"கராஜுக்குள்ள மாடு ஏம்மா வருது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கராஜா? அது மாட்டுக் கொட்டகைங்க. எங்கப்பன் போட்டுக் குடுத்தது. செவலை அங்கதான் நிக்கும். காரு சும்மா ஒண்டிக்கிட்டு இருந்துச்சு. வேணும்னா கால்படியில பாருங்க, சாணி ஒட்டியிருக்கும்."

"ஒட்டியிருந்துச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "என்னன்னு பாத்தேன். அப்படிங்களா பெரியவரே? மாடு அங்கதான் கட்டுவீங்களா?"

மேலத்தெரு எருமை அந்த நொடியில்தான் பெரியநாயகத்துக்கு விளங்கியது. தட்டு மேஜைமேல் இருந்தது. சாமியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமாங்க" என்றார்.

சாமியார் எழுதினார். இன்ஸ்பெக்டர் பத்திரத்தை விரித்தார். "அப்போ ஏழாவது விதி வருது. ஆடு மாடு கட்டுற எடத்துல வச்ச காருக்குக் கம்பெனி பொறுப்பில்லே. கொட்டகை தெரியாம புடிச்ச தீயில போனது, அதுக்குத் தடையில்லே. எண்ணூறு ரூபா, அம்மா பேருக்குச் செக்கு வரும்."

"அய்யோ, காருக்கு ஒண்ணுமே இல்லீங்களா?" என்றாள் ராயம்மாள்.

"இல்லேம்மா."

"பாவம்" என்றாள். சேலைத் தலைப்பால் ஒரு கண்ணைத் துடைத்தாள். ஒரு கண்ணைத்தான். பெரியநாயகம் எண்ணினார்.

"பாலுக்கு ஒண்ணும் தடையில்லியே ராயம்மா?" என்று கேட்டபடி சாமியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டும் முடிந்தது. சோற்றுக்கு உட்கார்ந்த பிறகு பெரியநாயகம் மெல்ல ஆரம்பித்தார்.

"ராயா."

"ம்."

"அன்னைக்கு நெசமாலுமே மூட்டம் போட்டியா?"

ராயம்மாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "நான் கோயிலுக்குப் போறப்ப கொடியில ஒம்பது பூசணிக்கா. வந்து பாத்தா எட்டு. செவலை வாயெல்லாம் குங்குமம். நான் ஏதாச்சும் கேட்டனா?"

பெரியநாயகம் இலையைப் பார்த்தார்.

"நீங்களும் கேக்காதீங்க."

அன்றைக்குப் பூசணிக்காய் மோர்க்குழம்பு. மறுநாள் பூசணிக்காய்க் கூட்டு. எட்டுக் காயும் தீர்வதற்குள் செக்கு வந்தது, கொட்டகைக்கு ஓடு போட்டாயிற்று, ஈஸ்டரும் வந்துவிட்டது. விடியற்காலைப் பூசைக்குப் பெரியநாயகம் நடந்துதான் புறப்பட்டார், போகிற வழியில் சாமியார் வீட்டில் கொடுக்கச் சொல்லி ராயம்மாள் கையில் கொடுத்த பால் சொம்போடு.