ஆர்விலின் மனசு நோகாத ரோடு

மின்னசோட்டாவில் எங்கள் கவுண்டி ஆபீஸில், அதாவது மாவட்ட ஆபீஸில், யாரும் யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை. முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்பது இங்கே கெட்ட வார்த்தைக்கு ஒரு படிதான் கீழே.

அந்த ஆபீஸில் ரோடு இன்ஜினியர் சோல்வே. ஆஸ்பத்திரி ரோட்டைப் புதிதாகப் போட எந்த ஜல்லி என்று அவள்தான் சொல்ல வேண்டும். பழைய ரோட்டில் உள்ளூர் சுண்ணாம்புக்கல். கடுங்குளிரில் தார் சுருங்கி இழுக்கும், ரோடு குறுக்கே வெடிக்கும். மூத்தவனைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரு ஜனவரியில்; வெடிப்புக்கு வெடிப்பு கார் அவளைத் தூக்கிப் போட்டது. எது வயிற்று வலி, எது ரோட்டு வலி என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். இப்போது வயிற்றில் இருக்கும் அடுத்ததும், பாருங்கள், ஜனவரிக்குத்தான்.

ஆகவே அவள் ஆராய்ச்சி செய்தாள். உள்ளூர் சுண்ணாம்புக்கல், வெளியூர் கிரானைட் என்று இரண்டு ஜல்லியிலும் தார்க்கட்டி செய்து, ஃப்ரீஸரில் உறைய வைத்து உடைத்தாள். சுண்ணாம்புக்கல் கட்டியில் வெடிப்பு கல்லையே பிளந்துகொண்டு நேராக ஓடியது. கிரானைட் கட்டியை உடைக்கவே மூச்சு வாங்கியது. வெடிப்பு ஒவ்வொரு கல்லையும் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

கட்டிகளை ஜூன் மாதக் கூட்டத்துக்குத் தூக்கிப்போனாள். அங்கே போர்டு தலைவர் டுவேன். பக்கத்தில், சுண்ணாம்புக்கல் குவாரிக்காரர் ஆர்வில், தட்டு நிறைய எலுமிச்சை கேக்கோடு.

டுவேன் சுண்ணாம்புக்கல் கட்டியைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா உடைஞ்சிருக்கே. கத்தி வச்ச மாதிரி."

"கிரானைட் இப்படி உடையல," என்றாள் சோல்வே மெதுவாக.

"பாவம், அந்தக் கல்லு ஊருக்குப் புதுசுதானே. பழகிடும்."

"எனக்காகப் பார்க்காதீங்க," என்றார் ஆர்வில். "கிரானைட்தான் நல்லதுன்னா தாராளமாப் போடுங்க."

"சேச்சே, நீங்க அப்படிச் சொல்லலாமா?" என்றார் டுவேன். "காபிக் கடையில கூட இப்போ உள்ளூர் முட்டை, உள்ளூர் தேன்னு எழுதிப் போடறான். கல்லு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

முட்டை மேல் லாரி போவதில்லையே என்று சோல்வேக்கு வாய் வரை வந்தது.

"கேக் ரொம்ப நல்லாயிருக்கு," என்றாள்.

மேற்படி ரோட்டுக்கு உள்ளூர் ஜல்லியே போடுவதெனவும், குளிர் குறித்துப் பின்னர் உரிய முறையில் பரிசீலிப்பதெனவும் ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. கீழே இன்ஜினியர் கையெழுத்துப் போட்டாள். பேனா கொடுத்தது ஆர்வில்தான்.

ஜனவரியில் வலி எடுத்தபோது கணவன் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான், போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆர்வில்தான் தன் பிக்கப் வண்டியில் கூட்டிப்போனார். புது ரோடு அதற்குள் குறுக்கும் குறுக்குமாக வெடித்திருந்தது. வண்டி குதித்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் ஆர்வில். "குவாரியை மூடிட்டு அரிசோனா போயிடலாம்னு மூணு வருஷமா நினைக்கிறேன். அன்னிக்குக் கூட்டத்துல யாராவது என் கல்லு வேண்டாம்னு சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

வண்டி மறுபடி குதித்தது.

"என் கல்லு அவ்வளவு மோசமா, சோல்வே?"

அவள் கதவுப் பிடியை இறுகப் பற்றினாள். அடுத்த வெடிப்பு வருவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"சேச்சே," என்றாள். "இந்தக் குழந்தைதான் கொஞ்சம் அதிகமாக் குதிக்குது."