ஈவர் கேட்ட கிஃப்ட்

"கிஃப்ட்" என்றார் ஈவர், மேசை மேல் குனிந்து, தனக்கே கேட்காத குரலில்.

"என்னது?" என்றாள் நூலகர் ரிக்கே. அவள் குரல் மாடி வரைக்கும் கேட்டது.

"கிஃப்ட்... அதைப் பத்திப் புத்தகம் ஏதாவது இருக்கா? மறுபடியும் கிஃப்ட்..."

"மறுபடியுமா!"

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டேனிஷ் மொழியில் 'கிஃப்ட்' என்றால் கல்யாணமானவர். விஷத்துக்கும் அதே சொல்தான். இரண்டுக்கும் ஒரு சொல் போதும் என்று முடிவு கட்டிய முன்னோர்கள் நன்றாக அனுபவப்பட்டவர்களாக இருந்திருக்க வேண்டும். முழு வாக்கியமாகப் பேசினால் யாருக்கும் குழப்பம் வராது. ஈவருக்கு அன்று முழு வாக்கியம் வரவில்லை, அவ்வளவுதான்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்து சலித்துப்போன மனிதர் அவர். பக்கத்து வீட்டு போடிலும் கணவரை இழந்தவர். வரும் சனிக்கிழமை அவரை விருந்துக்கு அழைத்திருந்தார். அன்றே, என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிடுவது என ஈவர் துணிந்திருந்தார். ஆனால் படகுத்துறையில் ஆயுசு முழுக்கச் சீட்டு கிழித்தவர். 'போக மட்டுமா, திரும்பவும் வரணுமா' என்பதைத் தவிரப் பெண்களிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. இந்த வயதில் மறுமணம் கேட்பது எப்படி என்று எவராவது எழுதிவைத்திருக்க மாட்டாரா என்ற நப்பாசையில்தான் நூலகத்துக்கு வந்தார்.

வந்த நேரம் சரியில்லை. ஜன்னலோரம் பின்னல் குழு உட்கார்ந்திருந்தது. நடுநாயகமாக, பச்சைக் கம்பளி நூலோடு, சாட்சாத் போடில்.

"எந்த மாதிரி கிஃப்ட் பாக்கறீங்க?" என்றாள் ரிக்கே, அலமாரிகளுக்கு நடுவே முன்னால் நடந்தபடி. "சட்டுனு முடியறதா, நிதானமா போறதா?"

"அவசரமே இல்ல. கடைசி வரைக்கும் இருந்தா போதும்."

"ஓ! வீட்டுலயே பண்ணிக்கற மாதிரியா?"

"ஆமா, வீட்டோட. ஆர்ப்பாட்டம் எதுவும் வேண்டாம். முடியற வரைக்கும் வெளிய தெரியக்கூடாது."

ரிக்கேவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. யாராவது உதவி என்று கேட்டுவிட்டால் அந்த நூலகத்தையே பெயர்த்து மடியில் வைத்துவிடுவாள். விலங்கியலில் நுழைந்து பாம்புகளை எடுத்தாள். வேதியியலில் ஆர்சனிக். வரலாற்றில், சொந்த அண்ணன்களுக்கு விருந்து வைத்து அனுப்பிய அரசர்கள். இயற்கைப் பகுதியில் காளான். போகிற வழியில் எலி ஒழிப்பு. கையில் ஏறிய புத்தக அடுக்கு மோவாயைத் தொட்ட பிறகுதான் ஈவர் மேலிருந்த தலைப்பைப் படித்தார். 'வீட்டைச் சுற்றியுள்ள விஷங்கள்.'

இது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் எது என்று சொல்ல வேண்டுமே! கல்யாணம் என்று சொன்னால் ரிக்கே அதைத் திருப்பிக் கத்துவாள். பின்னல் ஊசிகள் அத்தனையும் நின்றுவிடும். வாயை மூடிக்கொண்டு நேராக, இரவல் புத்தகங்களைப் பதியும் இயந்திரத்திடம் போனார்.

"அட, ஈவர்!"

போடில்தான். அவர் கண் புத்தகங்களின் முதுகில் ஒவ்வொன்றாக இறங்கியது.

"எலி" என்றார் ஈவர். "வீட்டுல ஒரே எலி."

"எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்லையே. நடுவுல ஒரு வேலிதான இருக்கு?"

"அதுங்க உங்க பக்கம் வராதுங்க."

"பாம்பு எதுக்கு?"

"எலிக்கு."

இந்தப் பதில் எடுபடவில்லை என்று அவருக்கே தெரிந்தது. பக்கத்தில், திரும்பி வந்த புத்தகங்களின் தள்ளுவண்டி நின்றது. விஷத்தை மறைக்க அதிலிருந்து கைக்கு வந்த இரண்டை எடுத்து மேலே வைத்தார். சாதுவான புத்தகங்களாகத்தான் இருக்கும் என்று நம்பினார். பாழாய்ப்போன இயந்திரம் ஒவ்வொரு தலைப்பையும் திரையில் கொட்டை எழுத்தில் காட்டியது. 'தோட்டத்தில் ஆழமான குழி: நீங்களே தோண்டலாம்.' அடுத்தது, 'துணை இறந்தபின் சொத்து யாருக்கு?'

போடில் பச்சை நூல்கண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை வருவீங்கல்ல?" என்றார் ஈவர், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"வர்றேன்" என்றார் போடில். குரல் நூலைவிட மெல்லியதாக இருந்தது.

சனிக்கிழமை போடில் வந்தார். நல்ல நீலச் சட்டை போட்டு, தலையை வாரி முடிந்து, கைப்பையில் ரை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

ஈவர் கோழி வறுத்திருந்தார். உருளைக்கிழங்கு, கூடவே காட்டிலிருந்து தானே பறித்துவந்த காளானில் கெட்டிக் குழம்பு. போடிலின் தட்டில் தாராளமாக ஊற்றினார்.

"நீங்க போட்டுக்கலையா?"

"எனக்குக் காளான் ஒத்துக்காது. நீங்க சாப்பிடுங்க."

போடில் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பயப்படாதீங்க" என்றார் ஈவர் பெருமையோடு. "நூலகத்துல எடுத்த புத்தகத்தைப் பாத்துத்தான் பண்ணினேன்."

போடிலின் முகம் வெளுத்தது. ஈவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். இதைவிட நல்ல சமயம் வராது என்று பட்டது. எழுந்து நின்றார். மனப்பாடம் செய்துவைத்திருந்த நாலு வரியும் காற்றோடு போயிற்று.

"போடில், எனக்கு... அதாவது... கிஃப்ட்!"

"தெரியும்" என்றார் போடில். "யாருக்கு அது?"

"உங்களுக்குத்தான்! வேற யாருக்கு? ரெண்டு வருஷமா இதே நினைப்பாத்தான் இருக்கேன். தைரியம்தான் வரல."

"ரெண்டு வருஷமாவா? வேலியில நின்னு சிரிச்சுச் சிரிச்சுப் பேசினீங்களே, அப்பவுமா?"

"அப்பத்தான் ரொம்ப!"

போடில் எழுந்தார். உண்டு முடித்து எழும்போது 'சாப்பாட்டுக்கு நன்றி' சொல்வது ஊர் வழக்கம். போடில் ஒரு வாய்கூட உண்ணாமலே அதைச் சொன்னார். மேலங்கியைக் கையிலேயே சுருட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

ஈவர் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். மறுப்பது என்றால் ஒரு மனிதரைப் பார்த்து மறுக்கக்கூடாதா, இப்படிக் கொலைகாரனைப் பார்த்ததுபோலவா ஓடுவது என்று மனம் வெந்தது. அப்புறம்தான் மேசையோரம் கிடந்த 'வீட்டைச் சுற்றியுள்ள விஷங்கள்' கண்ணில் பட்டது. எல்லாம் புரிந்தது.

ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. கதவிலிருந்த கடிதத் துளையின் மூடியைத் தூக்கி, "போடில், அது வேற கிஃப்ட்!" என்று கத்தினார். உள்ளே தாழ்ப்பாள் ஒன்று விழுந்தது. "நான் சொன்னது வாழ்நாள் முழுக்க இருக்கற கிஃப்ட்!" என்றார். இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.

திங்கள்கிழமை காலை நூலகத்துக்குப் போய், மொத்தப் புத்தகங்களையும் ரிக்கேயின் மேசையில் தொப்பென்று போட்டார்.

"வேலை முடிஞ்சுதா?" என்றாள் ரிக்கே ஆவலாக.

"என் வாழ்க்கையே முடிஞ்சுது! நான் கேட்டது விஷம் இல்லம்மா. கல்யாணம்! கல்யாணம்! போடிலைக் கட்டிக்கறதுக்கு!"

நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். ஈவருக்கு இப்போது அதைப் பற்றிக் கவலையில்லை. ரிக்கே மேசை மேல் குனிந்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"யார் என்ன எடுத்தாங்கன்னு நான் சொல்லக்கூடாது ஈவர், ஆனா அன்னைக்கே நீங்க சரியா கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்காது, மறுமணப் புத்தகம் அத்தனையும் வசந்த காலத்துலேர்ந்து போடில் கிட்டதான் இருந்துச்சு, இப்பத்தான் கொண்டுவந்து போட்டுட்டு, 'இனிமே இது எனக்கெதுக்கு, அந்த மனுஷன் எனக்கு வெச்சிருக்கறது வேற கிஃப்ட்'னு மூக்கைச் சிந்திக்கிட்டே வாசல்ல சைக்கிள் பூட்டைத் திறந்துக்கிட்டிருக்காங்க, ஓடுங்க!"