பாவசங்கீர்த்தனத்தில் பிடித்த நித்திரை

நான் செய்த பாவங்களைவிட, செய்யாத ஒரு பாவத்தால்தான் குருநகரில் எனக்குப் பேர் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கடல்தொழில் செய்யும் எங்கள் குடும்பத்தில் ஏ.எல். சோதனை வரை படித்து வந்த முதல் ஆள் நான். சண்டையால் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு, நாலு மணித்தியால நித்திரை. (நாலென்பதும் பொய், மூன்று.) நான் வந்தால் வீட்டில் சிரிப்பு நின்றுவிடும். "உஸ்! பிள்ளை படிக்குது" என்பா அம்மா. ஒரு மாதமாக என்னோடு கதைத்தது இரசாயனவியல் மட்டும்தான். தனிமை தாங்கவில்லை. அழவும் நேரமில்லை.

சோதனைக்கு இரண்டு கிழமை இருக்க, சனிக்கிழமை பின்னேரம் கோயிலில் சுவாமியாரிடம் பாவங்களை அறிக்கையிட, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பக்தி ஒன்றுமில்லை. யாராவது நான் சொல்வதைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். மரக்கூண்டில் முழந்தாளிட்டு, "சுவாமி, நான் பாவி..." என்று நெற்றியை எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த தட்டியில் சாய்த்தேன். அதோடு சரி.

கோயில் மணிதான் எழுப்பியது. பெரிய பாவம், சொல்லக் கஷ்டப்படுகிறாள் என்று சுவாமியார் பொறுமையாக இருந்திருக்கவேண்டும். சிவந்த கண்ணோடு வெளியே வந்தால், வரிசையில் பதினைந்து பேர் என்னையே பார்க்கிறார்கள். (அரை மணித்தியாலப் பாவமெண்டால் பெடியன் விசயம்தானே, அவர்கள் கணக்கில்!)

கதை எனக்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டது.

"ஆரடி அவன்? இனி ரியூசனும் இல்லை, சோதனையும் இல்லை!"

"ஐயோ அம்மா, நான் நித்திரை கொண்டிட்டன்."

"முழங்காலிலையோ?"

"சுவாமியைக் கேளுங்கோ!" என்றேன். மடைச்சி. அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனா. சுவாமியார் பரிதாபமாகப் பார்த்தார். "பாவசங்கீர்த்தனத்திலை நடந்ததை நான் ஒருத்தருக்கும் சொல்லேலாது, அம்மா."

(சொல்ல ஒன்றுமேயில்லை, சுவாமி!)

காலையில் அப்பா கடலால் வந்தார். அம்மா அழுதழுது முறையிட, நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். நின்றபடியே குறட்டை விட்டேனாம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"உவள் பெடியனைத் தேடேல்லை. பாயைத் தேடுறாள்."

மத்தியானம்வரை என்னை எழுப்ப விடவில்லை. எழும்பியபோது பக்கத்தில் இருந்தார். "கதை பிள்ளை, நான் கேக்கிறன்." ஒரு மாதத்துக் கதையை அழுதழுது கொட்டினேன். பாதியில் குறட்டை கேட்டது. இந்தமுறை அப்பா.

சோதனை எழுதினேன், பாஸ். இப்போது அப்பா இல்லை. நான் தூர தேசத்தில் தனியே இருக்கிறேன். சனிக்கிழமைகளில் அம்மா போன் எடுப்பா. "கோயிலுக்குப் போறியோ? தலகணியையும் கொண்டு போ."

நூறாவது தடவையும் சிரிப்பேன். "பிறகென்ன, நீ படி, நான் போனை வைக்கிறன்" என்பா, பழக்கதோசத்தில்.

"வைக்காதேங்கோ அம்மா," என்பேன். "கதையுங்கோ."